குமார் எறிந்த பந்து!

கல்லூரி மைதானத்திலிருந்து கோடி ரூபாய் வரை. நடுவில் முழங்கை போட்ட முட்டுக்கட்டை

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் நின்றுகொண்டு, "ஏ, குமார்!" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். டீக்கடைக் குமார், சைக்கிள் கடைக் குமார், சுரங்கத்தில் இரவு ஷிப்டு முடித்துவிட்டுத் தூங்கப்போகும் குமார், புத்தகப் பையைத் தோளில் மாட்டிய பள்ளிக்கூடக் குமார்! குமார் இல்லாத தெரு நம் பக்கத்தில் ஏது?

அமெரிக்காவிலும் ஒரு குமார் இருக்கிறார். முழுப்பெயர் குமார் ராக்கர். உயரம் ஆறடி ஐந்தங்குலம். அவர் செய்யும் தொழில் என்ன தெரியுமா? பந்து எறிவது!

பந்து எறிவதெல்லாம் ஒரு தொழிலா என்று பாட்டிமார் கேட்கலாம். அந்தக் கைக்கு 2021-ம் ஆண்டு பேசப்பட்ட விலை 60 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் சுமார் 44 கோடி ரூபாய்! பேச்சு முடிந்தது, பத்திரிகைகளில் செய்தியும் வந்தது. ஆனால் பணம் வரவில்லை. கையை டாக்டர்கள் பரிசோதித்தார்கள். அதன் பிறகு, "எங்களுக்கு வேண்டாம்" என்று வாங்க வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அப்போது அந்த வாலிபருக்கு வயது 21.

பிறகு என்ன ஆயிற்று? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பெயர் வந்த கதை

அமெரிக்கருக்கு எப்படிக் குமார் என்று பெயர் வந்தது? எல்லாம் தாய் வீட்டுப் பெயர்தான். குமாரின் அம்மா இந்திய வம்சத்தைச் சேர்ந்தவர். அவருடைய பெற்றோர் இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள். அவர்கள் குடும்பப் பெயர் குமார். கல்யாணமானால் பெண்ணின் குடும்பப் பெயர் மறைந்துபோவது அந்த நாட்டு வழக்கம். அது மறையாமல் இருக்க, பிறந்த பிள்ளைக்கே அதைப் பெயராக வைத்துவிட்டார்கள்.

அப்பா டிரேசி ராக்கர், கறுப்பு இனத்தவர். அவரும் லேசுப்பட்டவர் அல்லர். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் முரட்டு ஆட்டத்தில் புகழ் பெற்ற வீரர். (நாம் காலால் உதைக்கும் ஃபுட்பால் வேறு. இது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, எதிரியை முட்டி மோதித் தள்ளும் ஆட்டம்.) 1988-ல் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்காக ஆடி, நாட்டின் இரண்டு பெரிய பரிசுகளை அவர் தட்டிக்கொண்டு போனார். பின்னாளில் பயிற்சியாளர் ஆனார்.

1999 நவம்பர் 22-ம் தேதி அலபாமா மாநிலத்திலுள்ள மான்ட்கமரி நகரில் குமார் பிறந்தார். தகப்பனாரின் உடற்கட்டு பிள்ளைக்கும் வந்தது. ஆனால் பிள்ளை எடுத்துக்கொண்டது வேறு ஆட்டம். அதுதான் பேஸ்பால்.

கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி

பேஸ்பால் என்றால் என்ன? கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். இங்கேயும் ஒருவர் பந்து போடுகிறார், ஒருவர் மட்டை பிடிக்கிறார், மற்றவர்கள் சுற்றி நின்று பந்தைப் பிடிக்கிறார்கள். ஆனால் ஸ்டம்பு கிடையாது. மட்டை, உலக்கையைப் போல உருண்டையாக இருக்கும். அடித்தவர் ஒரு சதுரத்தின் நான்கு முனைகளையும் தொட்டு ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரு ஓட்டம். ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் 90 அடி.

பந்து போடுபவரைப் பிச்சர் என்கிறார்கள். அவர் ஓடி வந்து போடக் கூடாது. நடுவிலுள்ள ஒரு சிறிய மேட்டில் நின்றபடியே எறிய வேண்டும். மேடு என்றதும் மந்தாரக்குப்பத்துக்காரர்களுக்குச் சுரங்கத்து மண்மேடு ஞாபகம் வரும். இது அவ்வளவு பெரிதல்ல. 10 அங்குல உயரம்தான்! அங்கிருந்து மட்டைக்காரர் நிற்கும் இடம் 60 அடி 6 அங்குலம். நம் கிரிக்கெட்டில் ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி அல்லவா? அதைவிடக் குறைவு. கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறிந்தால் நடுவர், "நோ-பால்" என்பார். பேஸ்பாலில் கையை நன்றாக மடக்கி, தோளுக்கு மேலே கொண்டுவந்து, நம் பையன்கள் மாமரத்தில் கல் விடுவது போல விட வேண்டும். பந்து தரையிலும் படக் கூடாது. நேராகப் பறந்து போக வேண்டும்.

எங்கே போக வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. மட்டைக்காரருக்குப் பக்கத்தில் தரையில் 17 அங்குல அகலத்தில் ஒரு ரப்பர் பலகை பதித்திருக்கும். அந்தப் பலகைக்கு நேர் மேலே, மட்டைக்காரரின் முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவே ஒரு கண்ணுக்குத் தெரியாத ஜன்னல் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜன்னலுக்குள் பந்து புகுந்தால், மட்டைக்காரர் சும்மா நின்றாலும் அது ஸ்டிரைக். மட்டையை வீசிக் கோட்டை விட்டாலும் ஸ்டிரைக். மூன்று ஸ்டிரைக் விழுந்தால் ஆள் அவுட். ஜன்னலுக்கு வெளியே பந்து போய், மட்டைக்காரரும் வீசாமல் விட்டால், அது பிச்சரின் தவறு. அப்படி நான்கு தவறு செய்தால், மட்டைக்காரர் நிம்மதியாக முதல் முனைக்கு நடந்துபோகலாம்.

ஒரு ஆட்டத்தில் ஒரு கட்சியில் 27 பேரை அவுட் ஆக்க வேண்டும். நல்ல பிச்சர் மணிக்கு 90 மைலுக்கு மேல் எறிவார். அந்தப் பந்து மட்டைக்காரரை அடைய அரை விநாடிகூட ஆகாது. கண் இமைத்தால் போச்சு!

குமாரிடம் வேகமும் இருந்தது. அதைவிடப் பெரிய ஆயுதம் ஒன்றும் இருந்தது. அதற்கு ஸ்லைடர் என்று பெயர். நேராக வருவதுபோல் ஆசை காட்டும். கடைசி நேரத்தில் பக்கவாட்டில் விலகிக் கீழே இறங்கும். மட்டைக்காரர் காற்றை வெட்டிவிட்டு விழிப்பார்.

பணமா, படிப்பா?

2018-ல் குமார் பள்ளிப் படிப்பை முடித்தார். பெரிய பேஸ்பால் கழகங்கள் 30 இருக்கின்றன. ஆண்டுக்கொரு முறை அவை கூடி, வளர்ந்து வரும் வாலிபர்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கின்றன. அந்த ஆண்டு கொலராடோ ராக்கீஸ் கழகம் 38-வது சுற்றில் குமாரின் பெயரைச் சொன்னது. குமார் போகவில்லை. நாஷ்வில் நகரிலுள்ள வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நான்காண்டுக் கல்லூரியில் கால் வைத்துவிட்டால், மூன்றாம் ஆண்டை முடிக்கும் வரையில், அல்லது 21 வயது ஆகும் வரையில், கழகங்கள் அந்த மாணவரைத் தொட முடியாது. மூன்று ஆண்டு சும்மா இருக்க வேண்டும். அதற்குள் கை பெயர் வாங்கினால் விலை ஏறும். அடிபட்டால் எல்லாம் போகும். சூதாட்டம் மாதிரிதான்! ஆனாலும் படிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடும் சூதாட்டம் என்பதால், நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இந்த முடிவு பிடித்திருக்கும்.

முதல் ஆண்டிலேயே குமார் யார் என்று நாடு தெரிந்துகொண்டது.

அந்த ஒரு ராத்திரி

2019 ஜூன் 8. கல்லூரிகளுக்கிடையே நடக்கும் தேசியப் போட்டி. வான்டர்பில்டுக்கு எதிரி டியூக் பல்கலைக்கழகம். மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தவர்கள் மேலே போகலாம். முதல் ஆட்டத்தில் வான்டர்பில்ட் மண்ணைக் கவ்வியிருந்தது. எதிரிகள் 18, இவர்கள் 5. இன்னொரு தோல்வி என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த நெருக்கடியில் மேட்டில் ஏறி நின்றவர் முதலாண்டு மாணவர் குமார். வயது 19.

டியூக் பையன்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், ஒவ்வொருவராகப் போனார்கள். ஸ்லைடர் பந்து அவர்களைப் பம்பரமாகச் சுற்ற வைத்தது. ஒன்பது இன்னிங்ஸ். முழு ஆட்டத்தையும் குமாரே எறிந்தார். டியூக் கட்சியில் ஒருவர்கூடப் பந்தை அடித்து, அதன் பலத்தில் முதல் முனையைப் பிடிக்க முடியவில்லை! இப்படி ஒரு ஆட்டம் அமைவதே அபூர்வம். அவுட் ஆன 27 பேரில் 19 பேர் மூன்று ஸ்டிரைக் வாங்கிப் போனவர்கள். வான்டர்பில்ட் 3-0 என்று ஜெயித்தது. தேசியப் போட்டியின் அந்தக் கட்டத்தில் அதற்கு முன் யாரும் செய்யாத சாதனை அது.

அடுத்த ஆட்டத்தையும் வென்று, வான்டர்பில்ட் ஓமாஹா நகரில் நடந்த கடைசிக் கட்டப் போட்டிக்குப் போனது. அங்கேயும் குமார் கை ஓங்கியது. மிஷிகன் பல்கலைக்கழகத்தை இறுதியில் தோற்கடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருது குமாருக்கே கிடைத்தது.

டியூக் ஆட்டத்தில் குமார் எறிந்த பந்துகள் எத்தனை தெரியுமா? 131! கிரிக்கெட் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 22 ஓவர். அதுவும் ஓய்வெடுத்துப் போடும் ஓவர் அல்ல. ஒரே மாலையில், ஒரே கையால், முழு வேகத்தில்! வாலிபர்கள் ஒரு நாளில் எத்தனை பந்து எறியலாம் என்று அமெரிக்கப் பேஸ்பால் அமைப்புகள் ஒரு வரம்பு வகுத்திருக்கின்றன. 11, 12 வயதுப் பையன் 85. 19 வயதிலிருந்து 22 வயது வரை 120. அன்றைய கணக்கு அதையும் தாண்டியது. கைதட்டலில் அதை யார் கவனித்தார்கள்!

வந்த லட்சுமி

2020-ல் கொரோனா வந்து மைதானங்களைப் பூட்டியது. 2021-ல் மீண்டும் ஆட்டம். குமார் 14 ஆட்டம் ஜெயித்தார், 4 தோற்றார். ஸ்டிரைக் போட்டு வெளியேற்றியவர்கள் 179 பேர். வான்டர்பில்ட் இந்த முறை இறுதிப் போட்டியில் மிஸிஸிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்திடம் தோற்றுவிட்டது. ஆனால் குமாரின் பெயர் குன்றவில்லை.

ஜூலை மாதம் கழகங்கள் கூடின. நியூயார்க் மெட்ஸ் கழகம் பத்தாவது ஆளாகக் குமாரைத் தேர்ந்தெடுத்தது. 60 லட்சம் டாலருக்கு இரு தரப்பும் சம்மதித்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஒரே ஒரு சடங்குதான் பாக்கி: வைத்தியப் பரிசோதனை.

நிச்சயதார்த்தம் முடிந்து, பத்திரிகையும் அடித்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினால் பெண் வீட்டில் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான் நடந்தது. தோளும் முழங்கையும் பற்றிக் கழகத்துக்குச் சந்தேகம் என்று பத்திரிகைகள் எழுதின. குமார் தரப்பில், "கை நன்றாக இருக்கிறது" என்றார்கள். வாதம் எடுபடவில்லை. ஆகஸ்டு 1-ம் தேதி மாலை கெடு முடிந்தது. மெட்ஸ் கையெழுத்துப் போடவில்லை.

மெட்ஸுக்கு நஷ்டமில்லை. விதிப்படி அடுத்த ஆண்டு அவர்களுக்கு ஈடாக வேறொரு ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைத்தது. குமாருக்குத்தான் ஈடு கிடையாது. கல்லூரிக்கும் அவர் திரும்பவில்லை. செப்டம்பரில் தோளில் ஒரு சிறிய ஆபரேஷன் செய்துகொண்டார்.

அதே ஆகஸ்டில், அதே வாரத்தில், ஆகஸ்டு 7-ம் தேதி, டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் ஈட்டி எறிந்து தங்கப் பதக்கம் வாங்கினார். நாடே கொண்டாடியது. நீரஜும் 2019 மே மாதம் முழங்கையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்தான்! எறிகிறவர்களுக்கும் முழங்கைக்கும் அப்படி ஒரு ஜன்மப் பகை.

லக்னோவிலிருந்து போன இருவர்

ஈட்டி என்றதும் இன்னொரு கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குமார், இந்தியத் தாய் பெற்ற அமெரிக்கப் பிள்ளை. அவருக்கு முன்பே, இந்தியாவில் பிறந்து வளர்ந்த இரண்டு வாலிபர்கள் அமெரிக்காவுக்குப் பேஸ்பால் எறியப் போனார்கள்.

2008-ம் ஆண்டு. ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் இந்தியாவுக்கு வந்தார். "மில்லியன் டாலர் ஆர்ம்" என்று ஒரு போட்டி வைத்தார். பத்து லட்சம் டாலர் கை என்று அர்த்தம்! கிரிக்கெட் ஆடும் தேசத்தில் வேகமாகப் பந்து எறியும் கை எங்காவது ஒளிந்திருக்கும் என்பது அவர் நினைப்பு. வேகம் அளக்கும் கருவியோடு ஊர் ஊராகப் போனார்கள். முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து எறிந்து பார்த்தார்கள்.

ஜெயித்தவர்கள் கிரிக்கெட்காரர்கள் அல்லர்! ரிங்கு சிங், தினேஷ் படேல் ஆகிய இருவருமே உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பையன்கள். இருவருமே ஈட்டி எறிகிறவர்கள். யோசித்தால் இதில் அதிசயமில்லை. ஈட்டியைத் தோளுக்கு மேலே கொண்டுவந்து வீசும் அதே வீச்சுத்தான் பேஸ்பாலுக்கும் வேண்டும். மடக்காத கையோடு பந்து போட்டுப் பழகிய கிரிக்கெட்காரருக்கு அது சட்டென்று வராது.

ரிங்குவின் தகப்பனார் லாரி டிரைவர். விருத்தாசலம் சாலையில் ஓயாமல் லாரிகளைப் பார்க்கும் மந்தாரக்குப்பத்து மக்களுக்கு அந்த உத்தியோகத்தின் வருமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் ஒன்பது பிள்ளைகள். ரிங்கு லக்னோவில் குரு கோவிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரியில் பயின்றவர். நம் ரசிகர்கள் "சின்ன தல" என்று கொண்டாடும் சுரேஷ் ரெய்னாவும் அதே கல்லூரிக்காரர். அதே 2008-ல்தான் ரெய்னாவைச் சென்னை சூப்பர் கிங்ஸ் ஏலத்தில் எடுத்தது. ஒரு கல்லூரி, இரண்டு வாலிபர்கள், ஒருவர் சென்னைக்கு வந்தார், மற்றவர் கடல் கடந்து போனார்!

ரிங்கு இடது கையால் மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்து, ஒரு லட்சம் டாலர் பரிசு பெற்றார். அன்றைக்கு அது சுமார் 40 லட்சம் ரூபாய். பேஸ்பால் ஆட்டத்தை அதற்கு முன் ஆடியறியாத இருவரையும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கொண்டுபோய், டாம் ஹவுஸ் என்ற கைதேர்ந்த பயிற்சியாளரிடம் ஒப்படைத்தார்கள். பாஷை தெரியாது. சாப்பாடு வேறு. ஆட்டத்தின் விதிகளையும் இங்கிலீஷையும் ஒரே சமயத்தில் படித்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கழகம் இருவரையும் ஒப்பந்தம் செய்துகொண்டது. அமெரிக்கப் பேஸ்பால் கழகத்தில் கையெழுத்திட்ட முதல் இந்தியர்கள் அவர்கள்தான். 2009 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். அன்று இருவரும் முதன்முதலாக மேட்டில் ஏறிப் பந்து எறிந்தார்கள்.

ஒப்பந்தம் என்றதும் கோடி கொட்டியது என்று நினைக்க வேண்டாம். பெரிய கழகம் ஒவ்வொன்றுக்கும் கீழே படிப்படியாகச் சிறிய கட்சிகள் இருக்கும். புதியவர்கள் அடிப்படியிலிருந்து ஏற வேண்டும். அங்கே சம்பளம் சொற்பம். பஸ்ஸிலேயே ஊர் ஊராகப் பிரயாணம். தினேஷ் 2010 முடிவில் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். ரிங்கு விடவில்லை. 2012-ல் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள கட்சிக்கு 39 ஆட்டங்களில் பந்து எறிந்து, 65 பேரை ஸ்டிரைக் போட்டு வெளியேற்றினார். அடுத்த படி கண்ணுக்குத் தெரிந்த சமயம் பார்த்து, 2013-ல் முழங்கை விட்டுவிட்டது. ஆபரேஷன், ஓய்வு, மறுபடி வலி! ஆண்டுகள் கழிந்தன. உச்சிப்படியை அவர் தொடவே இல்லை.

2014-ல் டிஸ்னி கம்பெனியார் இவர்கள் கதையைப் படமாக எடுத்தார்கள். இசை நம் ஏ.ஆர். ரஹ்மான். ரிங்குவாக நடித்தவர் சூரஜ் சர்மா. பக்கத்திலுள்ள பாண்டிச்சேரியில் படமான "லைஃப் ஆஃப் பை" கதாநாயகரும் இவர்தான். படம் ஒப்பந்தம் கிடைத்த சந்தோஷத்தோடு முடிந்துவிடுகிறது. முழங்கை படத்தில் வரவில்லை! ரிங்கு 2018-ல் அமெரிக்க மல்யுத்தக் கம்பெனியில் சேர்ந்தார். "வீர் மஹான்" என்ற பெயரில் நீண்ட தலைமுடியோடு டெலிவிஷனில் தோன்றி, பந்து எறிந்த காலத்தைவிட அதிகப் புகழ் பெற்றார். 2024-ல் அதையும் விட்டு வெளியே வந்தார்.

முழங்கையில் ஒரு கயிறு

முழங்கையில் அப்படி என்னதான் நடக்கிறது? மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் உள்பக்கத்தில் ஒரு தசைநார் பிணைத்திருக்கிறது. கிணற்று ராட்டினத்துக் கயிறு மாதிரி. முழு வேகத்தில் பந்து எறியும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கயிறு முறுக்கி இழுபடுகிறது. ஆயிரக்கணக்கான தடவை இழுபட்டால் கயிறு நைந்துபோகாதா? ஒரு நாள் அறுந்துவிடும்.

முன்பெல்லாம் அறுந்தால் அதோடு சரி. பிச்சர் வேறு உத்தியோகம் பார்க்க வேண்டியதுதான். 1974-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் கழகத்துப் பிச்சர் டாமி ஜான் என்பவருக்கு இடது முழங்கையில் இப்படி ஆயிற்று. பிராங்க் ஜோப் என்ற டாக்டர், அதுவரை யாரும் செய்யாத ஒரு வேலையைச் செய்து பார்த்தார். டாமி ஜானின் வலது கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்தார். எலும்பில் துளையிட்டு, இடது முழங்கையில் அறுந்துபோன கயிற்றுக்குப் பதிலாக அதைக் கோத்துக் கட்டினார். மீண்டும் பந்து எறிவதற்கு நூற்றில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்று டாக்டரே சொன்னாராம். ஆனால் டாமி ஜான் 1976-ல் திரும்பி வந்தார். 1989 வரை, 46 வயது வரை ஆடினார்! வாழ்நாளில் ஜெயித்த 288 ஆட்டங்களில் 164 ஆட்டம் அந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஜெயித்தவை.

அதனால் அந்தச் சிகிச்சைக்கே டாமி ஜான் ஆபரேஷன் என்று பெயர் வந்துவிட்டது. வைத்தியம் செய்த டாக்டரின் பெயர் வைக்காமல் நோயாளியின் பெயரை வைத்தது வேடிக்கைதான். இன்று இது சாதாரணமாகிவிட்டது. ஆனாலும் கை கூடி, பழைய வேகம் வர ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்த ஒன்றரை வருஷத்தைக் கழிப்பதுதான் பெரிய பாடு. முதலில் விரலை அசைக்க வேண்டும். பிறகு கையை நீட்டப் பழக வேண்டும். பல மாதம் கழித்துப் பத்துப் பதினைந்து கஜ தூரத்துக்குச் சிறு பிள்ளையைப் போல மெதுவாகப் பந்தைத் தூக்கிப் போட வேண்டும். 95 மைல் வேகத்தில் எறிந்தவருக்கு அது எப்படி இருக்கும்!

திரும்பவும் மேட்டில்

குமார் கதைக்கு வருவோம். மெட்ஸ் கைவிட்ட பிறகு பல மாதங்கள் அவருக்குக் கட்சியே இல்லை. பெரிய கழகங்களோடு சம்பந்தமில்லாத, சின்ன ஊர்ப் போட்டிகளில் ஆடும் டிரை-சிட்டி வேலிகேட்ஸ் என்ற கட்சிக்காக 2022 ஜூன் மாதம் எறியத் தொடங்கினார். கோடிக்கு விலை பேசப்பட்டவர், சில ஆயிரம் பேர் வந்து பார்க்கும் மைதானத்தில் நின்றார். 20 இன்னிங்ஸ் எறிந்தார். 32 பேர் ஸ்டிரைக்கில் வெளியேறினார்கள். பார்க்க வேண்டியவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதமே கழகங்கள் மீண்டும் கூடின. முந்தைய ஆண்டு பத்தாவதாக எடுக்கப்பட்டவரை, இந்த ஆண்டு மூன்றாவது ஆளாக டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் கழகம் எடுத்தது! 52 லட்சம் டாலர். இந்தத் தடவை கையெழுத்து விழுந்தது. போன லட்சுமி, கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும், வீடு தேடி வந்துவிட்டாள்.

அதோடு கஷ்டம் தீர்ந்ததா? இல்லை. 2023-ல் கீழ்ப்படிக் கட்சியில் ஆறே ஆட்டம். மே மாதம் வலது முழங்கையின் கயிறு போய்விட்டது. டாமி ஜான் ஆபரேஷன்!

இரண்டு வருஷத்துக்கு முன் மெட்ஸ் செய்தது சரிதானோ என்று அப்போது பலர் பேசினார்கள். அப்படி எளிதில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. பேஸ்பால் கழகங்களில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பிச்சர்கள் ஏராளம்; பரிசோதனையில் தேறி, பிறகு கை விட்டவர்களும் உண்டு. ஒரு வாலிபரின் கைக்கு என்ன விலை என்பதைப் படத்தைப் பார்த்து நிர்ணயிப்பது, நிலத்தைப் பார்த்துக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் என்று சொல்வது மாதிரிதான். சில சமயம் பலிக்கும்.

குமார் 14 மாதம் காத்திருந்தார். 2024 ஜூலையில் மறுபடியும் பந்தைத் தொட்டு ஆட்டத்தில் இறங்கினார். வேகம் குறையவில்லை; ஸ்லைடரும் பழைய மாதிரியே வளைந்தது. சுமார் இரண்டு மாதத்தில் மேலே அழைத்துக்கொண்டார்கள்.

2024 செப்டம்பர் 12, சியாட்டில் நகரம். ரேஞ்சர்ஸ் கழகத்தின் பிச்சராகக் குமார் ராக்கர், வாழ்நாளில் முதன்முறையாகப் பெரிய கழகத்து மேட்டில் ஏறினார். வயது 24. பள்ளியை விட்டு ஆறு வருஷம், டியூக் ஆட்டம் நடந்து ஐந்து வருஷம், மெட்ஸ் கைவிட்டு மூன்று வருஷம். நான்கு இன்னிங்ஸ் எறிந்தார். எதிரிகளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஓட்டம். ஏழு பேர் மூன்று ஸ்டிரைக் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

2025-ல் அவருக்கு ஏற்றமும் இறக்கமுமாகவே இருந்தது. ஏப்ரலில் தோள் வலியால் உட்கார்ந்தார், திரும்பி வந்தார், ஆகஸ்டில் கீழ்ப்படிக்கு அனுப்பினார்கள். அங்கேயும் மேடு 10 அங்குல உயரம்தான். தூரம் 60 அடி 6 அங்குலம்தான்.